நாற்பதில் நின்ற குளிரறை

அந்த அறையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டர் சைனப், தடுப்பூசி மருந்துக்குப் பொறுப்பான தாதி. ஜுமா, மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவர். மிஸ்டர் லோபோ, எங்கள் பொஸ். யோகன், என்னோடு வேலை செய்தவன். நான். மேசையில் வரிசையாக முப்பத்துமூன்று குப்பிகள். அவற்றுக்கு முன்னால் தனியாக ஒரு குப்பி.



இடம் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் ஒரு சின்னப் பட்டினம். பெயர் எழுதமாட்டேன். சிஸ்டர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

இதை எழுதக் காரணம் ஒரு ஸ்டிக்கர். நான் வேலை செய்தது கனடாவில், ரெக்ஸ்டேலில் ஒரு குளிர்சாதனக் கம்பனி. அங்கே எந்த வேலை முடித்தாலும் இயந்திரத்தின் கொன்ட்ரோலருக்குக் கீழே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதில் ஃபாரன்ஹைட் ஒரு எண், செல்சியஸ் ஒரு எண், இரண்டையும் பேனையால் எழுத வேண்டும். இப்போது எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. ஸ்டிக்கரை நிறுத்தப் போகிறார்களாம். போன மாதம் யோகன் போன் எடுத்தான். அவன் இன்னும் அந்தக் கம்பனியில்தான்.

"அண்ணை, உந்த மஞ்சள் ஸ்டிக்கர் எந்தக் கிழவன்ர வேலையெண்டு பெடியள் கேக்கிறாங்கள்."

"என்ர வேலையெண்டு சொல்லு."

"சொன்னனான். சிரிக்கிறாங்கள். இந்த வருசம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதித் தாங்கோவன்."

எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பிழை இருந்தால் மலர்க்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

கனடாவுக்கு வந்தபோது பார்க்டேலில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். இரண்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த உணவகத்தின் ஃபிரீசர் பழுதாகும் போதெல்லாம் திருத்த வந்தவர் லோபோ. மூன்றாம் தரம் வந்தபோது, நான் முதலே கழற்றித் துடைத்து வைத்திருந்த மோட்டரைப் பார்த்தார். "ஆர் கழட்டினது?" என்றார். "நான்." "திங்கட்கிழமை வா." அவ்வளவுதான் என் படிப்பு. சோதனை எழுதி லைசன்ஸ் எடுக்க ஆறு வருடம் போனது. அந்த வேலையில் முப்பத்தொரு வருடம்.

லோபோ கோவாக்காரர். பேசுவது இங்கிலீசு. எனக்கு அவர் சொன்னதும் அந்தப் பட்டினத்தில் மற்றவர்கள் சொன்னதும் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அதனால் தமிழில் எழுதுகிறேன். அவர் சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டால் நல்லது என்று நாங்கள் நினைப்போம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள். தாளில் மூன்று கட்டம். என்ன பழுது. என்ன காரணம். என்ன செய்தாய். காரணத்துக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்.

"காரணத்தில கதை எழுதாதை. காரணம் ஒண்டுதான் இருக்கும். ரெண்டு எழுதினியெண்டால் உனக்குத் தெரியேல்லை."

ஒருமுறை ஒஷாவாவில் ஓர் இறைச்சிக் கடை வேலை முடித்து, பனிக்குள் இரண்டு மணித்தியாலம் வான் ஓட்டி ரெக்ஸ்டேல் வந்தேன். தாளைப் பார்த்தார். 'என்ன செய்தாய்' கட்டத்தில், குழாய்க்குள் அழுத்தம் எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று எழுதாமல் விட்டிருந்தேன்.

"பாத்தனியா?"

"பாத்தனான்."

"எத்தினை மணிக்கு?"

எனக்கு ஞாபகமில்லை. "அப்ப நீ பாக்கேல்லை" என்றார். திரும்ப ஒஷாவா போய், திரும்பப் பார்த்து, மணி எழுதிக்கொண்டு வந்தேன். அன்று முழுக்க அவரைத் திட்டினேன், மனதுக்குள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் மேசையில் ஒரு பழைய படத்தை வைத்தார். அவருடைய தகப்பன் வெள்ளைக் காற்சட்டையோடு ஒரு பெரிய கல்லுக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறார். லோபோ பிறந்தது அந்தப் பட்டினத்தில். தகப்பன் அங்கே இங்கிலீசுக்காரரிடம் கிளார்க். இவர் பதினொரு வயதில் வெளிக்கிட்டவர். பிறகு போகவில்லை. அந்தக் கட்டடம் இப்போது ஆஸ்பத்திரி. அதற்கு ஒரு குளிரறை அன்பளிப்பாகக் கொடுக்கப் போகிறாராம். தடுப்பூசி மருந்து வைக்க. நானும் யோகனும் போய்ப் பொருத்திப் பூட்ட வேண்டும். அவரும் வருவார்.

அவர் வருவார் என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

சாமான் கப்பலில் போனது. நாங்கள் பறந்து போய் இறங்கினோம். ஆறு பெட்டியில் ஐந்து வந்திருந்தது. ஆறாவது சுங்கத்தில். அதற்குள்தான் வெப்பமானிகள். "நாளைக்கு" என்றார்கள். ஒரு கிழமை முழுக்க அந்த ஒரு சொல்தான். ஐந்து பெட்டியை லொறியில் ஏற்றி ஒரு பகல் முழுக்கக் கரையோரம் ஓடினோம்.

பட்டினம் என்றால் நாலு தெரு. ஜேர்மன்காரன் முருகைக்கல்லில் கட்டின கட்டடங்கள், இரண்டு முழ அகலச் சுவர். அவன் போனபிறகு இங்கிலீசுக்காரன் இருந்தான். ஜேர்மன்காரனுக்கு முதல் அராபியர். கடற்கரையில் அடிமைகளை அடைத்து வைத்த ஒரு கட்டடம் உண்டு. இப்போது அதற்குள் மீன்காரரின் ஃபிரீசர்கள். யோகன் இலங்கையின் கிழக்கு மாகாணத்துக்காரன். ஊரில் ஒருமுறை அவனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் எட்டு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணை, ஜன்னல் இல்லை."

"ஓம்."



லோபோவோ ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டு நடந்தார். சந்தித்தவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டினார். நல்ல சனம். ஒவ்வொருவரும் படத்தைக் கையில் வாங்கி, நேரமெடுத்துப் பார்த்து, "தெரியாது" என்றார்கள். ஒரு ஆளுக்குக் கால் மணித்தியாலம். நானும் யோகனும் வெயிலில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்போம்.

வேலையைத் தொடங்கினால் சுவரைத் துளைக்க முடியாது. பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி வர வேண்டுமாம். மூன்று நாள் காத்திருந்தோம். வந்தார். சுவரில் தட்டிப் பார்த்தார்.

"இது நூறு வருசத்துச் சுவர். துளைக்கேலாது."

"குழாய் வெளியில போகோணுமே" என்றேன்.

"போகோணும்தான். துளைக்கேலாது."

ஜுமா ஒரு மூலையில் சும்மா நின்றவர். ஒன்றும் சொல்லாமல் போய் ஓர் அலுமாரியை இழுத்தார். பின்னால் சுவரில் ஒரு வட்ட ஓட்டை. இங்கிலீசுக்காரன் எதற்கோ போட்டது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இந்த ஓட்டையும் பழசுதான்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பெருப்பிக்கக் கூடாது. அப்பிடியே பாவியுங்கோ."

ஜேர்மன்காரன் சுவர் கட்டினான், இங்கிலீசுக்காரன் ஓட்டை போட்டான், நாங்கள் குழாய் விட்டோம். மூன்று நாள் முதலே ஜுமாவைக் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மின்சாரம். நினைத்த நேரம் போய்விடும். குழாய் ஒட்டி முடித்தால், உள்ளே நைட்ரஜன் ஏற்றி ஒரு நாள் முழுக்க அழுத்தம் விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பம்ப் பூட்டி உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் உள்ளே நின்றாலும் இயந்திரம் பிறகு பழுதாகும். பம்ப் இடையில் நின்றால் திரும்பத் தொடக்கத்திலிருந்து. நான்கு தரம் தொடக்கத்திலிருந்து செய்தேன். மனுசி ஸ்காபரோவிலிருந்து போன் எடுத்தா.

"கடல் குளிச்சனீங்களே?"

"இல்லை."

"பின்னை என்ன செய்யிறியள் அங்கை?"

"கரண்ட் வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அதுக்கு ஆபிரிக்காவுக்குப் போகோணுமே? ஊரிலயே பாத்தனாங்கள்தானே."

திங்கட்கிழமை பின்னேரம் குளிரறை ஓடியது. கொம்பிறசர் அந்த நாட்டு மின்சாரத்துக்கு ஏற்றது. லோபோ அதைக் கவனமாகப் பார்த்து வாங்கியிருந்தார். கொன்ட்ரோலர் மட்டும் ரெக்ஸ்டேல் தட்டிலிருந்து எடுத்தது. கதவுக்கு அருகில் சின்னக் கண்ணாடி, அதில் சிவப்பில் ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து ஒன்றும் வராது. செல்சியஸில் வைக்கலாம், ஃபாரன்ஹைட்டில் வைக்கலாம்.

கனடாவில் வானிலை செல்சியஸ். காய்ச்சல் செல்சியஸ். எங்கள் தொழில் மட்டும் ஃபாரன்ஹைட். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கை அழுத்தியது ஃபாரன்ஹைட். அன்றும் கை போய் அழுத்தியது. நாற்பது வைத்தேன். மருந்துக்குச் சரியான குளிர் அது. செல்சியஸில் நாலரை வரும்.

தாளில் எழுதினேன்: நாற்பது. லோபோ பார்த்தார். அவருக்கும் நாற்பது என்றால் நாற்பதுதான். கையெழுத்து வைத்தார்.

வெப்பமானி வரும்வரை மருந்தை உள்ளே வைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய பழைய மண்ணெண்ணெய் ஃபிரிஜ் சாகக் கிடந்தது. வியாழக்கிழமை படகு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டர் ஆற்றுவாயைக் கடந்து நாலு குடியிருப்புகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவார். போன தடவை கடல் விடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒருமுறை ஏற்கெனவே தவறிவிட்டது. படகுக்கு இருபத்திரண்டு குப்பி வேண்டும். ஒரு குப்பியில் பத்துப் பிள்ளை. பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

பழைய ஃபிரிஜில் இருந்த அறுபது குப்பிகளையும் உள்ளே அடுக்கினோம். உறைந்தால் கெட்டுப்போகிற மருந்து அது. பிறகு உருகினாலும் பயனில்லை. அதுவும் எனக்குச் சொல்லப்பட்டதுதான்.

செவ்வாய் காலை லோபோ எங்களையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் போனார். தகப்பனின் வீடு அங்கேயாம். போனால் அரைச் சுவர். சுவரோடு ஒட்டி, போனுக்குக் காசு ஏற்றுகிற போன் காட் விற்கிற ஒரு பெட்டிக்கடை. லோபோ அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, "இதில ஒரு படம் எடு" என்றார். எடுத்தேன். "இஞ்சாலையும் ஒண்டு." எடுத்தேன்.

"பொஸ், ஃபெரி போப்போகுது."

"இன்னும் ஒண்டு."

ஃபெரி போய்விட்டது. அடுத்ததற்கு மூன்று மணித்தியாலம். போனில் சிக்னல் இல்லை, கடையில் போன் காட் மட்டும் நிறைய இருந்தது.

திரும்பி வர மணி மூன்று. சிஸ்டர் வாசலில் நின்றார். முகம் நல்ல சந்தோசம். வயதுக்கு மரியாதையாக என்னை 'ம்ஸே' என்றுதான் கூப்பிடுவார்.

"ம்ஸே, உங்கட மெசின் காலமை நாப்பதில நிண்டது. நான் போன் எடுத்தனான், உங்களுக்குப் போகேல்லை. ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவில வைக்கோணும் எண்டுதானே எங்களுக்குச் சட்டம். அஞ்சில வைச்சிட்டன். இப்ப பதினாலுக்கு வந்திட்டுது. இன்னும் இறங்கும்."

 யோகன்தான் கேட்டான். "கதவைத் திறந்தனீங்களோ, சிஸ்டர்?"

"இல்லை. சூடு கூடினால் கதவைத் திறக்கக்கூடாது. நான் ஒருக்காலும் திறக்கேல்லை."

அவருக்கு எது படிப்பித்திருந்தார்களோ, ஒன்றுகூட விடாமல் செய்திருந்தார்.

கைபிடியில் கை வைத்தேன். கைக்குத் தெரிந்தது. ஃபாரன்ஹைட்டில் பதினாலு என்றால் செல்சியஸில் பூச்சியத்துக்குக் கீழே பத்து. திறந்தோம். காற்றாடிக்கு முன்னால் இருந்த தட்டில் குப்பிகள் கல்லு. எண்ணினோம். இருபத்தாறு. மற்ற முப்பத்துநாலும் தண்ணீராகத்தான் இருந்தன. கடற்கரை ஈரமெல்லாம் காற்றாடிக்குப் பின்னால் ஐஸாகக் கட்டிக் காற்றை மறித்திருந்தது. என் தொழிலில் அது ஒரு பழுது. அன்றைக்கு மிச்சத்தைக் காப்பாற்றியது அந்தப் பழுதுதான்.

சிஸ்டர் கண்ணாடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப நாப்பது எண்டது என்ன?"

சொன்னேன். அவர் அழவில்லை. கதிரையில் இருந்தார்.

"உது ஆருடைய நாட்டில அப்பிடி?"

 எங்கள் நாட்டிலும் இல்லை. எங்கள் தொழிலில்.

தண்ணீராக இருந்தாலும், இடையில் உறைந்து உருகியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. சிஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து வரிவரியாக வாசித்தார். ஒரு குப்பியை எடுத்து வேண்டுமென்றே கல்லாக உறைய வைக்க வேண்டும். பிறகு உருக்க வேண்டும். அதையும் சந்தேகமான குப்பிகளையும் குலுக்கி மேசையில் வைக்க வேண்டும். உறைந்து கெட்டதில் வெள்ளைப் பொடி கெதியாக அடியில் இறங்கும். நல்லதில் இறங்க நேரமெடுக்கும்.

"ஒரு குப்பி எடுங்கோ, ம்ஸே."

கதவடித் தட்டில் இருந்து, கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். யோகன் அதைக் கடற்கரைக் கட்டடத்துக்குக் கொண்டுபோய், ஒரு மீன்காரரைக் கேட்டு, மீனுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தான்.

புதன் காலை. முதலில் சொன்ன ஐந்து பேரும் அந்த அறையில். உறைய வைத்த குப்பி உருகி முன்னால் நிற்கிறது. சிஸ்டர் அதையும் பின்னால் வரிசையில் இருந்த ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி வைத்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம். முன்னால் நின்றதில் பொடி இறங்கியது. பக்கத்தில் நின்றது கலங்கலாகவே நின்றது. நல்லது. வலப்பக்கம் வைத்தார். அடுத்தது. இரண்டிலும் ஒரே வேகத்தில் இறங்கியது. இடப்பக்கம். ஒவ்வொன்றாக முப்பத்துமூன்று. மத்தியானம் தாண்டிவிட்டது. லோபோ படத்தை வெளியே எடுக்கவே இல்லை.

கதவடித் தட்டில் இருந்தவை ஒன்று தவறாமல் வலப்பக்கம் போயின. வலப்பக்கத்தை எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முடிந்ததும் லோபோ தாளை எடுத்தார். அறையில் நான் பயந்த நேரம் அதுதான். மருந்து கெட்டால் பொறுப்பானவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சிஸ்டருக்கு அது தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழுது: மருந்து உறைந்தது. எழுதினார். காரணம். பேனை நின்றது.

"அவ நம்பரை மாத்தினவ" என்றார் லோபோ. குரலில் கோபமில்லை. "அது நடந்ததுதானே, சிவா."

"மாத்தினவதான்."

"அப்ப?"

"காரணம் ஒண்டுதான் இருக்குமெண்டு சொன்னீங்கள்."

என்னைப் பார்த்தார். பேனையை என்னிடம் தந்தார். நான் எழுதினேன்: 'செல்சியஸ் நாட்டில் ஃபாரன்ஹைட்டில் விட்டது நான்.' ஒரு கோட்டுக்குள் அடங்கியது. லோபோ வாசித்தார். 'நான்' என்றதை வெட்டி 'நாங்கள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் என் தாளில் திருத்தின ஒரே சொல் அது.

சிஸ்டருக்கு ஒரு பிரதி. அவருடைய மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, அவரை ஒன்றும் கேட்கவில்லையாம். மஞ்சள் ஸ்டிக்கர், ரெக்ஸ்டேல் திரும்பிய முதல் திங்கட்கிழமை வந்தது. நிறுத்துகிறவர்கள் நிறுத்தட்டும். எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

வியாழன் விடிய, படகில் சிஸ்டர் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குப்பிகளை எண்ணி வைத்தார். குளிரறையிலிருந்து தட்டத்தில் கொண்டுவந்ததை நான் எடுத்துக் கொடுத்தேன். இருபத்தொன்றோடு நல்ல குப்பிகள் முடிந்துவிட்டன. இன்னும் ஒன்று வேண்டும். அவர் கையை நீட்டியபடி நின்றார். நான் தட்டத்தைப் பார்த்தேன். சோதனைக்கு உறைய வைத்த அந்த ஒரு குப்பி மட்டும் தனியாக நின்றது. அடியில் வெள்ளையாகப் பொடி.

ஜுமா படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கல்லாப் போனது இருபத்தாறு கிடந்ததுதானே. சோதனைக்கு அதில ஒண்டை எடுத்திருக்கலாமே?"

 சுவரில் ஒட்டியிருந்த தாளில், ஒரு குப்பியை எடு என்று போட்டிருந்தது. எடுத்தோம்.

சிஸ்டர் பெட்டியை மூடினார். கொப்பியைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் கடைசியாக இருந்த பெயர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

பத்து.